ஸ்டெல்லா அக்காவின் மீதி வார்த்தை

விழுப்புரத்தில் பேத்தியைச் சபையின் ஞாயிறு வகுப்புக்குக் கூட்டிப்போனேன். யாரோ பாடப்பெட்டியைத் திறந்ததும் பழைய ஃபிளானல் துணியின் மக்கிய வாடை வந்தது. நான் பொய் சொன்ன ஊருக்கு அது என்னைக் கொண்டுபோயிற்று.

எண்பதுகளின் தொடக்கம், திண்டிவனம். எனக்குப் பதினான்கு வயது. எங்கள் ஞாயிறு வகுப்பில் ஸ்டெல்லா அக்கா பலகையில் ஃபிளானலை விரித்து, காகித ஏவாளை அதில் ஒட்டவைத்துப் பாடம் நடத்துவார். பெண்கள் உபதேசிக்கக் கூடாது, ஏமாந்தவள் ஏவாள்தான் என்று வேதத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய பகுதி ஒருநாள் வந்தது.

"ஏவா பாம்புகிட்ட ஏமாந்து பழத்த தின்னா. ஆதாமு தெரிஞ்சிக்கினே தின்னான். யாருடா பெரிய கேடி?" என்றார் அக்கா. சிரித்தோம். "பவுல் தப்புன்னு சொல்லலடா. பொம்பள கத்துக்கட்டும்னும் அவருதான் எழுதறாரு. கத்துக்கினவ சும்மாவா குந்திக்கினு இருப்பா?"

எனக்குத்தான் என்று நான் நினைத்திருந்த மனப்பாட வசனப் பரிசை அந்த வாரம் அவர் என்னோடு படித்த டெய்சிக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆத்திரத்தில், சபைச் செயலாளரான அப்பாவிடம், பவுல் எழுதியது தப்பென்று அக்கா சொன்னதாகச் சொல்லிவிட்டேன். சபைக் கமிட்டி கூடியது.

"தம்பி, அப்படியா சொன்னாங்க?" என்று, நாங்கள் ஐயர் என்றழைக்கும் போதகர் கேட்டார்.

"ஆமாங்க ஐயரே."

"மீதியையும் சொல்லுடா," என்றார் அக்கா. நான் சொல்லவில்லை. அன்றோடு அவருடைய வகுப்பு போயிற்று. சாகும்வரை ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இன்று வகுப்பெடுத்த இளைஞன் அதே பகுதியை வாசித்தான். "ஆதாமுந்தானே தின்னாரு?" என்று எழுந்து கேட்டாள் பேத்தி. அவன் வேதத்தைப் புரட்டினான். "ஐயா, நீங்க சொல்லுங்க," என்று என் பக்கம் திரும்பினான்.

"சார் சொல்றதைக் கேளும்மா," என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.