மீன் வாசனை வந்த வண்டி

விலை குறைவாக இருந்ததுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை.

விற்க வந்தவன் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவனுக்குக் குடியுரிமை, வேலை, குடும்பம் எல்லாம் பிரான்சில். ஆகஸ்ட் மாத விடுமுறைக்கு மட்டும் வந்து முதலியார்பேட்டை வீட்டைத் திறப்பான். மற்ற மாதங்களில் சாவி ஒரு பெண்மணியிடம் இருக்கும். அவர் கடலோரத்தில் கனகசெட்டிக்குளம் என்ற மீனவர் ஊர்க்காரர். மீன் விற்க ஊருக்குள் வரும்போது வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுப் போவார். வண்டி உள்ளே போர்வை போர்த்தி நிற்கும்.

சீனாவில் செய்து, பாகம் பாகமாக இங்கே கொண்டுவந்து பூட்டிய மோட்டார் சைக்கிள் அது. தார்ச்சாலையிலும் ஓடும், மணலிலும் சேற்றிலும் ஓடும். உயரமான சீட், கொக்கு மூக்குபோல நீண்ட முன் மட்கார்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை மண்பாதைகளில் போக அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பெயர்பெற்ற கம்பெனிகளின் வண்டி என் சம்பளத்துக்கு எட்டாது. இதை இறக்குமதி செய்து விற்ற கடை நம் ஊரில் சிறிது காலம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் பிரியாணி விற்கிறார்கள்.

“ஏன்டா விக்கிற?” என்று கேட்டேன்.

“வயசாயிடுச்சிடா. முட்டி வலிக்குது.”

முந்தின நாள் காலையில்தான் கடற்கரைச் சாலையில் அவன் வேர்த்து விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

“உப்புக்காத்து பட்டுதா?”

“கடல் பக்கமே போனதில்லடா. போர்வைக்குள்ளயே இருந்த வண்டி.”

டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தன. அந்தப் பெண்மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கக் குனிந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டார். அதையும் கவனித்தேன்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் அவன் விமானம் ஏறுவதற்கு முன் பெயர் மாற்றிக்கொள்வது, பிடிக்காவிட்டால் திருப்பி விடுவது என்று பேசிக்கொண்டோம். பிறகு அடுத்த ஆகஸ்ட் வரை அவனைப் பிடிக்க முடியாது. வாங்கிய பிறகு தெரியும் கோளாறு எதுவானாலும் அது என் தலையில்தான்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் காலையிலேயே வண்டியைச் சுற்றி மூன்று பூனைகள். ஒன்று செயினை நக்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க, வண்டி வாங்கினீங்களா, வஞ்சிரம் வாங்கினீங்களா?” என்றாள் மனைவி.

எஞ்சின் சூடானால் வாசனை எழுந்தது. எனக்குப் பிரமை என்று சொல்ல முடியாது. சிக்னலில் பக்கத்தில் நின்றவரும் என் வண்டியைத்தான் பார்த்தார். முன் பிரேக்கை அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. பின் பிரேக் மட்டும் பிடித்தது. கேரியருக்கு அடியில், போல்ட்டை ஒட்டி, காய்ந்த மீன் செதில் ஒன்று இருந்தது. சாமணத்தால் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தேன்.

கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. மீன் பெட்டி ஏற்றி மாதக்கணக்கில் அடித்த வண்டியைத் துடைத்து என்னிடம் தள்ளுகிறான். ஆனால் முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு செதிலை வைத்து முறித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. இன்னும் உறுதியான ஆதாரம் வேண்டியிருந்தது. வண்டியை கனகசெட்டிக்குளத்துக்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தெரிந்த வண்டியானால் யாராவது காட்டிக்கொடுப்பார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரமாக, பின் பிரேக்கை நம்பி, மெதுவாகப் போனேன். வலை காயும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

“முசியே வண்டியாச்சே இது?”

பிரெஞ்சில் ஐயா என்பதை இங்கே ‘முசியே’ என்பார்கள்; என் நண்பனைத்தான் சொல்கிறார். அந்த நொடியில் எனக்கு வந்தது கோபமில்லை, திருப்தி.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இன்னா சார், போன மழைல எங்க கொட்டாயிலதான நின்னுச்சி.”

மேற்கொண்டு கேட்பதற்குள் அந்தப் பெண்மணியே கூடையோடு வந்துவிட்டார்.

“வண்டிய ஓட்டிப் பாக்க வந்தீங்களா, என்ன வேவு பாக்க வந்தீங்களா?”

“இத யாரும்மா ஓட்டினது?”

“யாரும் ஓட்டல. இந்த ஒசரத்துல ஏறி குந்த எங்க ஆளுங்களுக்கு ஏணி வேணும்.”

பிறகு சொன்னார். மழையில் முதலியார்பேட்டைத் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் நுழையத் தொடங்கியதும், மீன் ஏற்றும் லோடு ஆட்டோவில் வண்டியைத் தூக்கிவைத்துக் கட்டி இங்கே கொண்டுவந்து, மேட்டில் இருந்த வலைக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

“தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சி?”

“சக்கரம் நனைஞ்சிது, அவ்ளோதான். துரு புடிச்சா முசியே என்னத்தான கேப்பாரு? மீனெண்ண எடுத்து எல்லா இரும்புக்கும் தேச்சி வுட்டேன். எங்கப்பாரு படகுக்கு அப்படித்தான் பூசுவாரு.”

“முன்சக்கரத்துல வட்டமா ஒரு தகடு இருக்கே, அதுக்குமா?”

“அதுதான் பளபளன்னு இருந்துச்சி. அதுக்கு ரெண்டு கை கூடவே தேச்சேன்.”

“அது பிரேக்கும்மா!”

“அதான் பின்னால இன்னொன்னு இருக்குதில்ல?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கேக்காம வூட்ட வுட்டு எடுத்துட்டேன்னு முசியே கோச்சிக்குவாரு. சொல்லிடாதீங்க சார்.” தலையாட்டினேன்.

உண்மையாக இருக்கலாம், தயாரித்து வைத்த பதிலாகவும் இருக்கலாம். அவர் போன பிறகு வலை பின்னியவரிடம் தனியாகக் கேட்டேன்: எதில் வந்தது, யார் தூக்கினார்கள், இங்கே யாராவது ஓட்டினார்களா. பதில்கள் பொருந்தின. ஊருக்கு வந்து தங்கிவிட்டுப் போன விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல வண்டியைப் பற்றிப் பேசினார், ஒளித்துப் பேசவில்லை.

மறுநாள் நண்பன் வீட்டுக்குப் போனேன். மழையைப் பற்றி எதுவும் சொல்லாமல், “முன் பிரேக் பிடிக்கலடா” என்று மட்டும் ஆரம்பித்தேன்.

“தெரியும்டா,” என்றான். பிறகு அந்தப் பெண்மணி வேலையாக இருந்த சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். “யாரோ மீன் பொட்டி ஏத்தி அடிச்சிருக்காங்க. அவங்க வூட்டு ஆளுங்கதான். இந்தத் தடவ போறதுக்குள்ள சாவிய வாங்கிட்டு அவங்கள நிறுத்திடப் போறேன். வேற ஆளும் பாத்தாச்சி.”

“அப்ப முட்டி வலி?”

“மீன் ஏத்தின வண்டின்னு சொன்னா நீ வாங்குவியாடா?”

ஆக, அவனைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் அவன் சந்தேகமும் என் சந்தேகமும் ஒரே மீன் வாசனையில் இருந்துதான் வந்திருக்கின்றன. நான் வாயை மூடிக்கொண்டால் வண்டி குறைந்த விலையில் எனக்கு வரும், அந்த அம்மாவுக்கு வேலை போகும். சொன்னால் அவரிடம் தலையாட்டியதை மீறியதாகும். மீன் ஏற்றி ஓடாத வண்டி என்று தெரிந்தபின் இவன் விற்காமலும் போகலாம். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். சொன்னேன்.

“நீ அவங்க பேச்ச நம்பறியா?”

“நம்பல. விசாரிச்சேன்.”

அவன் அவரைக் கூப்பிட்டான். அவர் வந்து முதலில் என்னைத்தான் முறைத்தார். “சொல்ல வேணாம்னேனே சார்.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?” என்றான் அவன்.

“பண்ணா? அங்கிருந்து ஓடியாந்து ஒரு கை புடிப்பீங்களா?”

அவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவன் அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான். அவர் உள்ளே போனதும் வாசலுக்கு வந்து வண்டியின் சீட்டைத் தடவினான்.

“அப்ப இத விக்காமலே இருக்கலாமோ…”

“முட்டி வலின்னியேடா.”

பெயர் மாற்ற மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டான்.

முன் பிரேக்கில் எண்ணெய் ஊறிய கட்டையை மாற்ற, இந்த வண்டிக்கான பிரேக் கட்டை இந்த ஊரில் இல்லை. வேறொரு வண்டியின் கட்டையை மெக்கானிக் அரத்தால் தேய்த்துப் பொருத்தினார். எண்ணெயில் ஒட்டிய மணலை எடுக்க, செயினை இரண்டு முறை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். இப்போது நன்றாகப் பிடிக்கிறது. ஏரிக்கரையில் பள்ளம் மேடு தெரியாமல் போகிறது. கிளட்ச் கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். மழையில் நனைந்தால் வாசனை திரும்புகிறது. பூனைகளும்.

அந்தப் பெண்மணி இப்போது எங்கள் தெருவுக்கும் மீன் கொண்டுவருகிறார். மனைவியிடம் பேரம் பேசிக்கொண்டே வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

“சைலன்சர்ல துரு வருது சார். நான் வேணா…”

“வேணாம்மா. கைய வைக்காதீங்க.”

போன வாரம் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் வந்துவிட்டுப் போயிருந்தார். மீன் சட்டியில் இருந்தது. வண்டி நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. குனிந்து முன்சக்கரத் தகட்டை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தேன்.