நூற்று நாற்பத்தாறு மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு மோட்டார்

எங்கள் வீடு கண்டியை அடுத்த மஹய்யாவையில், பெரிய வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தின் முடிவில் இருக்கிறது. சந்தின் நீளம் நூற்று நாற்பத்தாறு மீற்றர். அகலம் கீழே ஐந்து அடி, வளைவில் மூன்றே முக்கால். ஆட்டோ ஏறாது. சைக்கிள் ஏறும், இறங்கித் தள்ளினால். இருபத்தொன்பது வருஷமாக இதில் ஏறி இறங்குகிறேன். உயரத்தை மட்டும் அளந்ததில்லை. அதற்கான தேவை போன ஐப்பசியில்தான் வந்தது.

மழை நாள் ஒன்றில் பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து உள்ளே உலோகம் வைத்தார்கள். அங்கிருந்து நேரே குண்டசாலையிலுள்ள மகள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அது சமதரையில் கட்டிய வீடு. வாசலில் ஆட்டோ நிற்கும். கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. நான் மஹய்யாவையில் தனியே இருந்தேன். நானும் போய்விட்டால் அந்த வீடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

மகள் அதை நேராகவே சொன்னாள். "அம்மாவால அந்த மேட்டுல இனி ஏற முடியாதுப்பா. ரெண்டு பேரும் இங்கயே இருந்துருங்க. வீட்ட வாடகைக்கு விட்ருவோம்."

கட்டிலில் படுத்திருந்தவள் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "சித்திரை வருஷத்துக்கு என் அடுப்புலதான் பால் பொங்கும்."

"அப்ப வருஷத்துக்குள்ள ஏறிக் காட்டுங்க. இல்லாட்டி நான் சொல்றத ரெண்டு பேரும் கேக்கணும்."

"கேக்குறோம்" என்றாள் அவள். என்னை யாரும் கேட்கவில்லை. வருஷப் பிறப்புக்கு அப்போது நூற்று முப்பத்தெட்டு நாள் இருந்தது.

ஆட்கள் கதிரையில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்று முதலில் நான்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய சிநேகிதர் மூவர் வருவார்கள். அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "நாலு பேரு தூக்கிட்டுப் போக நான் என்ன பொணமா? அதுக்கு நாள் வரும், அப்ப தூக்குங்க."

அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

அவளுக்கு நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் தினமும் இருநூறு காலடி என்று சொல்லியிருந்தாள். மகள் போனில் எண்ணினால் அவள் நடக்க மாட்டாள். "அது நான் கைய ஆட்டுனாலே எண்ணுது" என்பாள். நான் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ண வேண்டும். அதிலும் சந்தேகம்தான். நூற்றுப் பதினேழை இரண்டு தரம் சொன்னதாக ஒருநாள் என்னோடு சண்டை. ஆனாலும் நான் எண்ணினால் நடந்தாள், நான் போகாத நாளில் படுத்திருந்தாள். ஆகவே நான் தினமும் போயாக வேண்டும்.

மஹய்யாவையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து குண்டசாலைக்கு இன்னொரு பஸ். இருபத்திரண்டு நாள் குறித்து வைத்தேன். சராசரியாக ஒரு மணி இருபத்துநாலு நிமிஷம். பதின்மூன்று நாள் நின்றுகொண்டே போனேன். எனக்கு வயது எழுபத்தொன்று. திரும்பி வந்து சந்தில் ஏறும்போது நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது, பிறகு ஐந்து இடத்தில். இப்படியே போனால் அவள் ஏறத் தயாராகும்போது நான் ஏற முடியாதவனாகிவிடுவேன் என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் சைக்கிளுக்கு மோட்டார் பூட்டும் யோசனை பிறந்தது. யோசனை பிறந்த அன்றைக்கே அதற்குள் இன்னொன்றும் இருந்தது: அந்தச் சைக்கிளின் கரியரில் அவளை உட்காரவைத்து மேலே கொண்டுவருவது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

உயரத்தை அளக்க, வீடு கட்டும் மேசன் பாஸ் ஒருவரிடம் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை இரவல் வாங்கினேன். ஒரு முனையைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார், மறுமுனையை நான். கீழிருந்து வீட்டு வாசல் வரை பதினெட்டு தரம் வைத்து எடுத்தோம். இருபத்துநாலு மீற்றர்.

"இருபத்தொம்பது வருஷமா இது மேடுன்னு தெரியாதா சார்?" என்று கேட்டார் அவர்.

"எவ்வளவு மேடுன்னு தெரியாதே" என்றேன்.

நான் ஐம்பத்தேழு கிலோ, அவள் அறுபத்துமூன்று, மோட்டாரும் பெட்டரியும் சேர்த்துச் சைக்கிள் முப்பது. மொத்தம் நூற்றைம்பது கிலோவை ஒன்றரை நிமிஷத்தில் இருபத்துநாலு மீற்றர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதற்கு நானூறு வாட் வேண்டும். செயினிலும் டயரிலும் வீணாகிறதைச் சேர்த்தால் ஐந்நூறுக்கு மேல். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். பௌதிகம் பள்ளிக்கூடத்தோடு விட்டது. கூட்டலை ஆறு தரம் சரிபார்த்தேன்.

கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர் ஒரு முஸ்லிம். வயதில் என்னைவிட இருபது வருஷம் இளையவர் என்றாலும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவேன். மோட்டாரை வரவழைத்துப் பூட்டிக் கொடுப்பவரும் அவர்தான். இரண்டு வகை இருப்பதாகக் காட்டினார். ஒன்று சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிற மோட்டார். சமதரையில் நன்றாக ஓடும். செங்குத்தில் நடை வேகத்துக்கு இறங்கிவிட்டால் திணறிச் சூடேறும். மற்றது பெடல்கள் சேரும் இடத்தில் பூட்டுவது. அது நம் காலைப் போலவே செயினை இழுக்கும். ஆகவே பின்சக்கரத்துக் கியர்கள் எல்லாம் அதற்கும் உதவும். சின்னக் கியரில் போட்டால் மெதுவான வேகத்திலும் மோட்டார் தன் கதியில் சுற்றும். எங்கள் சந்துக்கு இரண்டாவதுதான். ஆனால் என்னுடைய பழைய கறுப்புச் சைக்கிளுக்குக் கியர் ஒன்றுதான். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, எட்டுக் கியர் உள்ள பழைய மலைச் சைக்கிள் ஒன்றை அவரிடமே எடுத்தேன்.

வாட் எவ்வளவு என்பதில்தான் வாக்குவாதம். இருநூற்றைம்பது, ஐந்நூறு, எழுநூற்றைம்பது, ஆயிரம் என்று நான்கு இருந்தன.

"குண்டசாலைக்குப் போய் வர இருநூத்தைம்பது காணும் ஐயா" என்றார் நானா.

"எழுநூற்றைம்பது வேண்டும்."

"என்னத்துக்கு? ரேஸ் ஓடப் போறீங்களா?"

"ஏற்றம் இருக்கு."

"கண்டியில யாருக்குத்தான் ஏத்தம் இல்ல? செயின் அறும், கியர்ப் பல்லுத் தேயும். பெரிய மோட்டார் எண்டா அந்தச் செலவும் இரிக்கி."

மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் கணக்குத் தாள்களை வாங்கினார். பதினொரு தாள். முழுவதும் படித்தாரோ இல்லையோ, எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தார். ஆயிரம் வாட் வேண்டாம், அந்தச் செயின் தாங்காது என்றார். எழுநூற்றைம்பதுக்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஏத்துறது மோட்டார்ட வேல. எறக்குறது பிரேக்குட வேல. ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டாத்தான் நான் கை வைப்பன்."

இறக்கத்தை நான் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. சரி என்றேன். விலையை இங்கே எழுதப் போவதில்லை. மகளுக்கு இன்னும் தெரியாது.

மோட்டார் வந்து சேர முப்பத்துநாலு நாள், பூட்ட இரண்டு நாள். அதன் பிறகு குண்டசாலைக்கு முப்பத்தெட்டு நிமிஷம். தென்னெகும்புர பாலத்துக்கு இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் மாறி மாறிப் பிடிப்பேன். மழைக்குப் பெட்டரிக்கு மேல் பிளாஸ்டிக் பை, பெட்டரிக்குப் பூட்டு, பூட்டுக்கு இரண்டு சாவி. மோட்டாரில் ஏதாவது புதிய சத்தம் கேட்கிறதா என்று வழி நெடுகக் காதைக் கொடுத்திருப்பேன். ஒன்றும் கேட்காது. அதுவும் கவலையாக இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது சந்தில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறினேன். அவளும் இருநூறிலிருந்து முந்நூறுக்கு வந்தாள். வோக்கரை விட்டு ஒரு கையால் சுவரைப் பிடித்து நடந்தாள்.

வருஷத்துக்கு முப்பத்தொரு நாள் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை வைத்தேன். மூன்று சாக்கில் இருபத்தொரு கிலோ வீதம் மணல் கட்டினேன். அறுபத்துமூன்று கிலோ. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கரியரில் வைத்துக் கயிறு போட்டுத் தந்தார். யாருடைய பாரம் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"அக்காவுக்கு ஹெல்மெட் போடலயா சார்?" என்று நடுச் சாக்கைத் தட்டினார்.

முதல் தொண்ணூறு மீற்றர் கணக்குச் சொன்னபடியே போனது. மணிக்கு ஆறு கிலோமீற்றர். மோட்டார் முனகவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வளைவில், தண்ணீர் வாளியோடு ஒரு பெண் எதிரே வந்தாள். பிரேக் பிடித்து, காலை ஊன்றி, அவளுக்கு வழி விட்டேன். பிறகு கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினேன்.

முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டில் என் நெஞ்சுக்கு வந்தது. அடுத்த கணம் நான் சுவரோரம் கிடந்தேன். சைக்கிள் பின்னால் மல்லாந்து கிடந்தது, ஒரு சாக்கு வெடித்து மணல் சந்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சார், குதிர மாதிரி எந்திரிக்குது!" என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

முழங்கை உரிந்திருந்தது, அது பெரிதில்லை. மோட்டாரில் குற்றமில்லை. எவ்வளவு பாரம் என்று பதினொரு தாளில் எழுதியவன், அந்தப் பாரம் எங்கே உட்காருகிறது என்று ஒரு வரி எழுதவில்லை. கரியர் பின்சக்கரத்து அச்சுக்கும் பின்னால் நீண்டிருக்கிறது. மேட்டில் அது இன்னும் பின்னால் போகும். மோட்டார் எவ்வளவு பலமானதோ அவ்வளவு வேகமாக முன்பக்கத்தைத் தூக்கும். வெடித்த சாக்கைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அது மணல் என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவள் கதவடியிலேயே கண்டுபிடித்தாள்.

"இந்த வெயில்ல எதுக்கு முழுக்கை? கையக் காட்டுங்க."

காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னையவா வச்சு ஏத்தப் பாத்தீங்க?"

"உன்னையல்ல. மணல்."

"அறுவத்தி மூணு கிலோ மணலு." அவள் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் அம்பத்தொம்பதுதான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து கொறைஞ்சிட்டேன். அதக்கூட கேக்கல நீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருஷத்துக்கு முப்பது நாள்.

"அந்தச் சைக்கிள் எவ்வளவு மெதுவாப் போகும்?" என்று கேட்டாள்.

"ஏறாமல் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. விட்டு விட்டு அழுத்தினால் உன் நடைக்கு வரும்."

"அப்ப பின்னால பிடிக்க ஒரு கம்பி வைக்கச் சொல்லுங்க. நீங்க முன்னால பிடிங்க. நான் பிடிச்சிக்கிட்டு நடக்குறேன். வோக்கர் மேட்டுல வழுக்கும். அது வழுக்காதுல்ல, அது இழுக்கும்ல?"

இவ்வளவு நாளும் நான் அவளைச் சுமையாகவே கணக்கில் போட்டிருந்தேன். அவள் கேட்டது பிடிக்க ஒரு கம்பி.

நானா கரியரின் பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு வளைந்த கம்பியை ஒட்டி, அதற்கு ரப்பர் சுற்றித் தந்தார். கூலி வாங்கவில்லை. "இதுக்கு இருநூத்தைம்பதே காணும் எண்டு அண்டைக்கே சென்னன்" என்றார். குண்டசாலை வீதியில் இருபத்தாறு நாள் அதைப் பிடித்து நடந்தாள். மகள் கேட்டில் நின்று பார்ப்பாள். கடைசி வாரம் அவளும் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

வருஷத்துக்கு மூன்று நாள் முன்பு ஆட்டோவில் சந்தின் அடிக்கு வந்திறங்கினார்கள். நான் சைக்கிளோடு காத்திருந்தேன். கரியரில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தேன், நின்ற இடத்தில் இறக்கிப் போட்டு உட்கார. மகள் தாயின் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் போய் வாளி, செருப்பு, நாய் எல்லாவற்றையும் ஓரமாக்கினார்.

பொத்தானை அழுத்தி விட்டேன், அழுத்தி விட்டேன். எண்ணினேன். அவள் உதடும் அசைந்தது. எட்டு இடத்தில் கதிரை இறங்கியது. வளைவில் சைக்கிளை இரண்டு பிரேக்கிலும் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சு அடங்கும்வரை நின்றேன். "அழுத்துங்க" என்று அவள்தான் சொன்னாள்.

நாற்பத்தொரு நிமிஷத்தில் வாசலுக்கு வந்தோம். மகள் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக் கதவைத் திறந்தாள். மனைவி கம்பியை விட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நானூத்தி இருவத்தெட்டு" என்றேன்.

"நானூத்தி முப்பத்தொண்ணு."

"இல்லை. வளைவில் நீ நின்ற இடத்தில் காலை மாற்றி வைத்தாய். அதையும் எண்ணியிருக்கிறாய்."

"கால எடுத்து வச்சா காலடிதான்."

"அது ஏறின காலடி இல்லை."

"சரி" என்று உள்ளே ஒரு காலை வைத்தாள். "வருஷம் கழியட்டும். எறங்கி ஏறிப் பாத்துக்குவோம்."