அய்யாவின் காதில் சொன்ன பெயர்

அய்யாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பாம்பனில், சாகப்போகிறவரின் காதில் சேசு ஆண்டவரின் பெயரை மூத்த மகன் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபடியே போகிறவர்கள் பயமில்லாமல் போவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நான்தான் மூத்தவன். எனக்கு வாய் திறக்கவில்லை.

அப்போது சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அய்யா சாகக் கிடந்த அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்புதான், கடலில் அறுந்து மிதந்து வந்த ஒரு வலையை எடுத்து வந்திருந்தேன். அது எங்கள் ஊர் அந்தோணி அண்ணனுடையது என்று பார்த்ததுமே தெரியும். ஆசை விடவில்லை. ஊர் கூடிக் கேட்டபோது கோயில் வாசலில் நின்று, “சேசு மேல ஆணையா இது என் வலைதான்” என்றேன். ஊர் நம்பியது. அண்ணனும் வலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து, செபத்தில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் உதட்டை மட்டும் அசைப்பேன்.

“ஏலே சூசை, சொல்லுலே. அய்யா அதுக்குத்தான் காத்துக் கெடக்காக” என்றாள் அம்மா.

குனிந்தேன். பொய்ச்சத்தியம் செய்த நாக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது. “இந்தா வாரேம்மா” என்று எழுந்து, அந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். சாகக் கிடக்கும் அப்பனை விட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறானே என்று பார்த்தவர்கள் திட்டியிருப்பார்கள். வழியெல்லாம் ஒரே மன்றாட்டுதான். ஆண்டவரே, நான் திரும்பும்வரை அய்யாவை வைத்திரும்.

அந்தோணி அண்ணன் கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். வலையை அவர் முன்னால் போட்டேன்.

“அண்ணே, இது ஒங்க வலை. நான் பொய்ச்சத்தியம் பண்ணிட்டேன். ஊருக்கு முன்னாலயும் சொல்லிர்றேன். அய்யா போகப்போறாக. என்னைய மன்னிச்சிருங்க.”

அவர் வலையைப் பார்க்கவே இல்லை. “வலை கெடக்கட்டும். ஓடுலே அங்கன” என்றார். பின்னாலேயே அவரும் வந்தார். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு அழுகை வந்தது.

அய்யாவுக்கு மூச்சு இருந்தது. பாய் அருகே மண்டியிட்டு, காதோடு வாய் வைத்து “சேசுவே” என்றேன். அய்யாவின் உதடு அசைந்தது. அவரும் சொன்னார். சாயங்காலம்வரை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்து, பயமில்லாமல் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அதே கோயில் வாசலில் உண்மையைச் சொன்னேன். இன்றுவரை ஆணையிட அந்தப் பெயரை எடுத்ததில்லை. கூப்பிட மட்டுமே எடுக்கிறேன்.

பிரியமானவர்களே, அந்தப் பெயரைச் சொல்ல உங்களுக்கும் நாக்குக் கூசலாம். கூசினால் சும்மா இருந்துவிடாதீர்கள். யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடம் முதலில் போங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை ஆண்டவர் காத்திருப்பார்.