அவரு "நல்லாருக்கு"ன்னு சொன்ன நாள்

எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் சாப்பிட உட்கார்ந்தா முதல் வாய்க்கே மூஞ்சியைச் சுளிப்பாரு. "உப்பு கம்மி"ம்பாரு. இல்லன்னா "கூட"ம்பாரு. சரியா இருக்குன்னு அந்த வாயில வந்ததா சரித்திரமே கிடையாது. துறைமுகத்துக்குப் போற ரோட்டுல சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை வச்சிருக்கோம். சமையல் நான், கல்லா அவரு. ருசி பாக்கதும் அவரு வேலைதான். குழம்பை இறக்கினதும் உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, ஒரு குத்தம் சொன்னாத்தான் கல்லாவுல போய் உட்கார முடியும் அவருக்கு. எரிச்சலா வரும் எனக்கு. ஊரைச் சுத்தி உப்பளம், இவருக்கு மட்டும் உப்பு பத்தலையாக்கும்!

அவரு போதாதுன்னு லாரி டிரைவர்மாரும். இலையில குழம்பு ஊத்தி முடியல, "அக்கா, இன்னைக்குப் புளி தூக்கல்"னு சத்தம் வரும். நானும் விடமாட்டேன். "பொறவு எதுக்குல மறுசோறு வாங்குத?"ன்னு கேப்பேன். கடையே சிரிக்கும்.

ஊரடங்கு வந்து இதெல்லாம் நின்னு போச்சு. கொஞ்ச நாள் முழுசாப் பூட்டிக் கிடந்தோம். அப்புறம் பார்சல் மட்டும் கொடுக்கலாம், உள்ள ஒருத்தரும் உட்காரக் கூடாதுன்னாங்க. நாற்காலியை அடுக்கிட்டு, வாசல்ல பெஞ்சைக் குறுக்கப் போட்டோம். ஏரல் ஊர்ல இருந்து வர்ற வாழை இலைக்கட்டும் பாதியாச்சு. குழம்பைப் பையில ஊத்தி நூல் சுத்தி நீட்டுனா, டிரைவர் வாங்கிட்டு லாரியில ஏறிப் போயிருவான். எங்க நிறுத்தித் திங்கானோ, என்ன நெனைக்கானோ! நல்லாருக்குன்னும் ஒருத்தன் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல. மிச்சம் இருந்த ஒரே நாக்கு எங்க வீட்டுக்காரரு நாக்குதான்.

ஒரு நாள் சாளை மீன் குழம்பு. அவசர அவசரமா வச்சேன். அவரு நக்கிப் பார்த்துட்டு, "நல்லாருக்கு"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருசத்துல முதல் தடவை! பாட்டு பாடிக்கிட்டே பார்சல் கட்டினேன்னா பாத்துக்கிடுங்க.

மத்தியானம் ஒரு டிரைவர் போன் பண்ணுதான். விளாத்திகுளத்துக்கு லோடு கொண்டு போனவன், வழியில நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தானாம். "அக்கா, குழம்புல உப்பே போடலியே"ங்கான்.

"போல அங்கிட்டு, உங்க அண்ணாச்சியே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு"ன்னு அதட்டி வச்சுட்டேன். ஆனாலும் மனசு கேக்கல. சட்டியில அடியில கிடந்ததை விரலால தொட்டு வாயில வச்சேன். மாதாவே! ஒரு கல்லு உப்பு இல்ல.

நாக்குல ருசி தெரியாமப் போறது அந்த நோய்க்கு அடையாளம்னு டிவியில நாள் பூரா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவரு பாட்டுக்குக் கல்லாவுல உட்கார்ந்திருக்காரு. அவரைக் கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன்.

டெஸ்ட் எடுத்துப் பார்த்தா, அதேதான். கடையை மூடிட்டு, கடைக்குப் பின்னாலயே இருக்க எங்க வீட்டு உள் ரூமுல அவரைப் படுக்க வச்சேன். போனை எடுத்தா யாராவது போய்ட்டாங்கன்னுதான் சேதி வரும். இவரையும் பறிகொடுத்துருவேனோன்னு எனக்கு ஒரே பயம். டிரைவர்மாரு போற போக்குல பெஞ்சுல காய்கறியும் பாலும் வச்சிட்டு, ஹாரன் அடிச்சிட்டுப் போவாங்க. நல்லா இருக்கணும் அந்தப் பிள்ளைங்க.

தினமும் சாப்பாட்டை ரூம் வாசல்ல வச்சிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நிப்பேன். நாக்குல ருசி திரும்பிருச்சான்னு தெரியணுமே, அதுக்காக வேணும்னே குழம்புல உப்பு போடமாட்டேன். அவரு பேசாமத் தின்னுட்டுத் தட்டைத் தள்ளுவாரு. "நல்லாருக்கா?"ன்னு கேட்டா, "நல்லாருக்குளா"ம்பாரு. அந்த நல்லபிள்ளைத்தனத்தை என்னால தாங்க முடியல. அடுப்படியில போய் அழுவேன்.

காய்ச்சல் விட்டுச்சு, இருமலும் குறைஞ்சுச்சு. ஆனா நாக்கு மட்டும் வரல. அன்னைக்கு ஊளி மீன் குழம்பு. வச்சிட்டு நிக்கேன். தட்டை இழுத்த சத்தம் கேட்டுச்சு. கதவுல காதை வச்சேன்.

"ஏளா! என்னத்த ஆக்கி வச்சிருக்க? உப்புன்னு ஒண்ணு இருக்கதே மறந்து போச்சா உனக்கு? மனுசன் திம்பானா இதை?"

கதவுல தலையைச் சாய்ச்சுக்கிட்டு அழுதேன், சிரிச்சேன். உள்ள இருந்து ஏச்சு நிக்கவே இல்ல.

"இன்னும் நல்லா ஏசுங்க"ன்னேன்.