கேட்காமல் விட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதம். ஜேர்மனியில், டோட்முண்ட் நகரில் ஓர் உளநல ஆலோசனை நிலையம். தமிழர்கள் வந்தால் டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், வாயும் கொஞ்சம் நீளம், அதனால் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அன்று வந்தவள் மன்னாரைச் சேர்ந்த ஒரு திருநங்கை. இருபத்தைந்து வயது இருக்கும். அகதி முகாமில் இருந்தாள். அங்கே நம் ஆட்கள் அவளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடமாட்டார்களாம். வெளியே போனால் அவளுடைய நிறத்துக்கும் சேர்த்துப் பேச்சு விழுமாம். நித்திரை இல்லாமல் கண் உள்ளே போயிருந்தது. பார்த்ததுமே எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அந்தப் பாசத்தால்தான் பிழை வந்தது. மருத்துவர் அவளைப் பார்த்து, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். நாங்கள் யாராவது அப்படிக் கேட்போமா? எனக்கு வாய் கூசியது. "மனம் கொஞ்சம் சரியில்லையோ பிள்ளை?" என்றேன். அவள் "ஓம்" என்றாள். கொஞ்சம் கவலையாம் என்று டொச்சில் சொல்லிவிட்டேன். அண்ணன் தன்னை வீட்டைவிட்டுத் துரத்தியதைச் சொன்னாள். குடும்ப விஷயம் வெள்ளைக்காரிக்கு எதற்கு என்று அதையும் விழுங்கினேன். மருத்துவர் ஆறு வாரம் கழித்து வரச்சொல்லி ஒரு டெர்மின் எழுதப் போனார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்குக் கொஞ்சம் டொச் விளங்கும். சாகிற யோசனை இருக்கோ எண்டெல்லோ அவ கேட்டவ? இவ்வளவு நாளா ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. நீங்களாவது கேளுங்கோ."

எனக்கு முகம் செத்துவிட்டது. மருத்துவரிடம் என் பிழையைச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். "ஓம் அக்கா, இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தாள். ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை. ஆறு வாரம் என்றிருந்த டெர்மின் அடுத்த நாளுக்கு வந்தது. அதுவரை அவளோடு யார் இருப்பது என்பதையும் மருத்துவர் அங்கேயே ஒழுங்கு செய்தார்.

வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மருத்துவர் கேட்டபோது அவள் முதன்முதலாகச் சிரித்தாள். "வேண்டாம், இவவே இருக்கட்டும். இனிப் பொய் சொல்லமாட்டா."

இப்போது அவள் முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் பழகுகிறாள். என் தலையைப் பார்த்தாலே குறை சொல்வாள்.

போன வருடம் என் கணவர் காலமானார். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார்கள். அவள் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தாள். "அக்கா, சாகிற யோசனை ஏதும் வருதோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். என்னை இழந்துவிடக் கூடாது என்று நினைக்கும் ஒருத்தியால்தான் அதை அவ்வளவு நேராகக் கேட்க முடியும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.