நைனா போட்ட கூச்சல்

போன வாரம் என் மகள் செய்தித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, ஹெக்லிங்னா என்னா?" என்று கேட்டாள். மேடையில் ஒருவர் பேசும்போது கீழேயிருந்து கூச்சல் போட்டுப் பேச்சைக் குலைப்பது என்று சொன்னேன். அகராதியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லும். ஆனால் அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது, எங்கள் நைனாவை, அதாவது அப்பாவைப் பார்த்து ஒருவர் சொன்னபோது. அதனால் இன்றும் அதைக் கேட்டால் எனக்குத் தறிக்கொட்டகையின் எண்ணெய் வாசனைதான் வரும்.

தமிழும் தெலுங்கும் புழங்கும் நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறிகள். அவை ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நாங்கள் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். ஊரில் கூத்து நடந்தாலும் அப்படித்தான். குரல் கம்மினால், "கேக்கல, ஏத்திப் பாடு!" என்று கூட்டம் சத்தம் போடும். யாரும் வாயே திறக்கவில்லை என்றால்தான் ஆடுகிறவருக்கு முகம் வாடும்.

திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். நைனா தறியை நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மைக் கிடையாது. ஊருக்கே கேட்கிற என் குரல் அன்று பார்த்து முன்வரிசையைத் தாண்டவில்லை.

நைனா எழுந்து நின்றார். "பாப்பா, வினபடலே! கேக்கல! தறி ஓடிக்கினு இருக்குதுன்னு நெனச்சிக்கினு பேசும்மா!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நடுவராக இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, "நோ ஹெக்லிங் ப்ளீஸ்" என்றார். இரண்டு மாணவர்கள் நைனாவை வெளியே அழைத்துப்போக எழுந்தார்கள். என்ன தப்பு என்றே புரியாமல் அவர் சிரித்த முகத்தோடு நின்றார். பரிசு போனால் போகட்டும். இந்த மனிதர் தலைகுனிந்து வெளியே போனால் இனி என்னைப் பார்க்கக்கூட இந்த வாசலை மிதிக்க மாட்டாரே என்று எனக்குப் பகீரென்றது.

"அவரு மா நைனா சார்! கேக்கலன்னா எங்க ஊர்ல இப்டித்தான் சொல்லுவாங்க. அவர ஒக்கார விடுங்க!"

தமிழும் தெலுங்கும் கலந்து நான் போட்ட சத்தத்தில் மாணவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்காரும்படி நைனாவுக்குக் கையைக் காட்டினார். மீதிப் பேச்சை அதே தொண்டையில் முடித்தேன். பரிசு கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நைனா தோசை வாங்கிக் கொடுத்து, "கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சிம்மா, துன்னு" என்றார். பரிசு வாங்கியவள்கூட அன்று அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

இப்போது சித்தூர், திருப்பதி என்று நானும் கல்லூரிகளில் பேசப் போகிறேன். மைக் நன்றாக இருக்கிறது. எல்லோரும் மரியாதையாக, செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், முடிந்ததும் கைதட்டுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நைனா போன பிறகு, நான் பேசுவது கேட்கவில்லையென்று எழுந்து நின்று சொன்னவர் ஒருவரும் இல்லை.