சீட்டுக்காக ஜெபித்த வெள்ளிக்கிழமை

சபையார் எல்லோருக்கும் என் அன்பு. எழுந்து நின்று பேச எனக்கு வராது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் போதகர் ஐயா இதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970-ஆம் வருஷம் ஜூன் மாதம். எங்கள் மூத்த மகள் ஜெயசீலி பி.யூ.சி.யில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் நான் அப்போது கலங்கியது போல என்றும் கலங்கியதில்லை.

பி.எஸ்சி. படிக்க அவளுக்கு இரண்டு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று பட்டணத்தில் உள்ள பெரிய காலேஜ். பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். வெளியூர்ப் பெண்கள் அங்கே ஹாஸ்டலில் தங்கியாக வேண்டும். நம் தாம்பரமும் அவர்களுக்கு வெளியூர்தான். படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் சேர்த்து அவர்கள் கேட்ட பணம் எங்கள் சக்திக்கு மிஞ்சியது. இன்னொன்று, கிண்டியில் இறங்கி நடந்து போகிற தூரத்தில் இருந்த சின்ன காலேஜ். தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வரலாம்.

என் கணவர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோரில் வேலை பார்த்தார். பெரிய காலேஜில் இடம் கிடைத்ததைக் கம்பெனி முழுவதும் சொல்லிவிட்டார். மானேஜரே எழுந்து அவருக்குக் கை கொடுத்தாராம். அன்று வீட்டுக்கு வந்தவர் அந்தக் கையைக் கழுவவே மனமில்லாமல் சாப்பிட உட்கார்ந்தார்.

சேலையூரில் எங்களுக்கு அரை கிரவுண்டு மனை இருந்தது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கியது. அதை அடமானம் வைத்து வட்டிக்கு வாங்கலாம் என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள்.

"மூணு வருஷம்தானே. பாப்பா வேலைக்குப் போய் மீட்டுடும்" என்றார்.

மீட்காவிட்டால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பெரிய காலேஜில் படித்தால் நல்ல வேலை கிடைக்கும், நல்ல இடத்தில் சம்பந்தம் அமையும். நான் தடுத்து, பிள்ளையின் வாழ்வு அதனால் கெட்டுப்போனால்? தடுக்காமல் விட்டு மனை போய்விட்டால், அவளுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு என்ன இருக்கும்? ஜெயசீலியோ அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் அடுப்படியில் நின்று ஜெபித்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஐக்கியத்துக்குப் போனேன். கூட்டத்தை நடத்துகிறவர் ரூபி அக்கா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்டார். எத்தனையோ வருஷம் வாய் திறவாத நான் அன்று எழுந்துவிட்டேன்.

"சீட்டு விஷயமா ஜெபிக்கணும் அக்கா. திங்கட்கிழமைக்குள்ள பணம் கட்டணும். எடுக்கறதா விடறதான்னு தெரியல" என்றேன். அவ்வளவோடு உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்னது காலேஜ் சீட்டை. ஆனால் எங்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் மரகதம்மாவிடம் மாதாமாதம் குலுக்கல் சீட்டு கட்டுகிறவர்கள். சீட்டு என்றால் அவர்களுக்கு வேறு அர்த்தம் ஏது? ரூபி அக்கா கண்ணை மூடி, கையை உயர்த்தி, உருக்கமாக ஜெபித்தார். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளை சீட்டுக்குப் பணம் கட்ட வழியின்றித் தவிக்கிறாள். குலுக்கலில் அவள் பெயர் சீக்கிரமாய் விழும்படி கிருபை செய்யும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். வேறு என்ன செய்ய?

கூட்டம் முடிந்ததும் மரகதம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். அவர் இரும்புலியூர்க்காரர். யாருக்கும் பயப்படாதவர்.

"இன்னாம்மா, என்னாண்ட கட்டாம வேற எவ கிட்ட சீட்டு கட்டிக்கினு கீற? அவ துட்ட சுருட்டிக்கினு ஓடிட்டா இன்னா பண்ணுவே?"

"அந்த சீட்டு இல்ல மரகதம்மா. சீட்டு. காலேஜ் சீட்டு."

கூட்டம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. ரூபி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நான் பேரை டப்பாவுல போட்டுக் குலுக்கியே விட்டுட்டேனே. சொல்லக் கூடாதா நீ?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர்கள் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். மனை, கடன், மானேஜர் கை கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு ஆராதனை முடிந்து ரூபி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் படித்ததே அந்தப் பெரிய காலேஜில்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்களே சொல்லுங்க அக்கா" என்றார்.

"நல்ல காலேஜ் தம்பி. குறை சொன்னா நாக்கு அழுகிடும். இன்னிக்கும் பேரைச் சொன்னா மரியாதை இருக்கு. ஆனா அதுக்கு எங்கப்பா பட்ட கடனை நான்தான் அடைச்சேன். சம்பளம் வாங்குவேன், வட்டிக்காரன் வாசல்ல நிப்பான். கல்யாணமே தள்ளிப் போச்சு. பக்கத்து கிளாஸ் டீச்சர் படிச்ச காலேஜ் பேரு யாருக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே சாக்பீஸ்."

பிறகு ஜெயசீலியிடம் திரும்பி, "நீ என்னம்மா ஆகணும்?" என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

"டீச்சராகணும் அக்கா" என்றாள். அப்புறம், "அந்த காலேஜ் மேல ஆசையும் இருக்கு. இல்லேன்னு சொன்னா பொய்" என்றாள்.

ரூபி அக்கா அவள் தலையைத் தொட்டு ஜெபித்தார். எந்தக் காலேஜ் என்று சொல்லி ஜெபிக்கவில்லை. பிள்ளைக்குச் சமாதானம் தாரும் என்று மட்டும் கேட்டார். அவர் போன பிறகு ஜெயசீலி வெகுநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் எழுந்து வந்து, "அப்பா, மனையை வைக்காதீங்க. நான் ரயில்ல போய்ட்டு வரேன்" என்றாள்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பாவுக்காகச் சொல்றியா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் உங்களுக்காக. மிச்சம் எனக்காக. வட்டிக்காரன் வாசல்ல நிக்கறப்ப நான் எப்படிப்பா பாடம் எடுக்கறது?"

"சரி. சீசன் டிக்கெட் நான் எடுத்துத் தரேன்" என்றார். அந்த வாரத்தில் அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

சின்ன காலேஜிலும் சேரும்போது ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. மாதச் செலவைச் சம்பளத்தில் சமாளிக்கலாம், அந்த முதல் தொகைதான் கையில் இல்லை. மரகதம்மா அந்த மாதம் ஒரு புதிய சீட்டு தொடங்கினார். ஜெபம் பண்ணியாயிற்று, இனி நீ சேராமல் இருக்க முடியாது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். குலுக்கல் அன்று எல்லோரும் கூடியிருந்தோம். டப்பாவிலிருந்து எடுத்த பெயர் ரூபி அக்காவுடையது.

என் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டேன். ரூபி அக்கா பணத்தை வாங்கி என் மடியில் வைத்தார்.

"ஜெபம் பண்ணினதே நான். நானே எடுத்துக்கிட்டா ஆண்டவர் என்ன நெனைப்பார்? உன் பேரு விழறப்ப நான் வாங்கிக்கறேன்" என்றார்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஜெயசீலி பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். முதல் மாதச் சம்பளத்தில் காணிக்கை எடுத்து வைத்துவிட்டு மீதியை முழுதாக என் கையில் கொடுத்தாள். அதற்காக எந்த வட்டிக்காரனும் வாசலில் நிற்கவில்லை. சேலையூர் மனையில் இரண்டு அறை எழும்பியிருக்கிறது. நானும் மாறியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போது நானே எழுந்து ஜெபக் குறிப்பு சொல்கிறேன்.

கடன் வாங்கிப் படிக்க வைக்கிற பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு ஆண்டவர் காட்டிய வழி இது. பிள்ளையின் படிப்பை நினைத்து அடுப்படியில் தனியே அழுகிற சகோதரி யாராவது இருந்தால், தயவுசெய்து வெள்ளிக்கிழமை வாருங்கள். சரியாகச் சொல்ல வராவிட்டாலும் எழுந்து சொல்லிவிடுங்கள். நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டாலும் அவர் சரியாகப் புரிந்துகொள்வார்.

இப்போது யாராவது, உங்கள் பெண் எந்தக் காலேஜில் படித்தாள் என்று கேட்டால், என் கணவர் அந்தச் சின்ன காலேஜின் பெயரை உரக்கச் சொல்கிறார். கேட்டவருக்குத் தெரியவில்லை என்றால், கிண்டியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வழியும் சொல்கிறார்.